வண்ணமும் வாய்மையும்

செங்கற்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்தை அடுத்து வேடந்தாங்கல் என்னும் சிற்றூர் உள்ளது. ஏரி ஒன்றும், அதன் நீரில் நின்று வளரும் மரங்களும், மழைக்காலந் தொடங்கி அம்மரங்களின்மேல் வந்து தங்கும் பறவைக் கூட்டமும் இவ்வூர்க்குப் பெருமை தருவன. பணி ஓய்வு பெற்றபின் யான் இவ்வூரில் வாழ்ந்து வருகிறேன். இங்கு வரும் பறவைகளுள் வண்ண நாரை என்பது ஒன்று. அதன் உடல் வெண்மை, மார்பில் கரிய பட்டை, அலகு மஞ்சள், முதுகின் கடைப்புறத்து இறகுகளிலோ, தாமரையின் உள்ளிதழ் போன்ற இளஞ்சிவப்பு. அவ்விளஞ்சிவப்பைக் கண்டு மகிழாத கண் இல்லை.

பறவையின் நிறம் மங்கினால் இயற்கை அதற்கு ஒரு வழி செய்து வைத்திருக்கிறது. பழைய இறகு உதிரும். புதிய இறகு முளைக்கும். மனிதன் தீட்டும் ஓவியத்திற்கு அப்பேறு இல்லை. ஒருமுறை தீட்டிய வண்ணமே ஓவியத்தின் வாழ்நாள் முழுமையும் நின்று பேசவேண்டும். ஆதலின் ஓவியம் எழுதுவோன் கைத்திறத்தோடு வண்ணத்தின் தரத்தையும் அறிந்திருத்தல் வேண்டும்.

இலக்கணம் கற்பித்த ஒருவனுக்கு வண்ணத்தின் தரத்தைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று மாணவர் சிலர் எண்ணக்கூடும். நம் முன்னோர் ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்று அழைத்தனர். காண்போர் கண்ணுள்ளே தம் தொழிலை நிறுத்துவோர் என்பது அதன் பொருள். வண்ணம் என்னும் சொல்லோ நிறத்தையும் குறிக்கும். பாட்டின் ஓசை நயத்தையும் குறிக்கும். சொல்லின் தரத்தை ஆராய்ந்து பழகியவனுக்கு நிறத்தின் தரத்தை ஆராய்வதும் முற்றிலும் அயலான செயல் அன்று. எனினும், என்னை இவ்வாராய்ச்சியில் ஈடுபடுத்தியது நூலறிவு அன்று. ஓர் உருவப்படமே ஆகும்.

யான் பணிபுரிந்த பள்ளி ஒன்றின் கூடத்தில் எண்ணெய் வண்ணத்தால் எழுதிய படம் ஒன்று தொங்கியது. அப்பள்ளிக்கு நிலம் ஈந்த வள்ளலின் படம் அது. ஊரார் பொருள் திரட்டி அதனை எழுதுவித்தனர். வள்ளல் எந்நாளும் செம்பட்டு மேலாடை அணிபவராம். யான் அப்பள்ளியிற் சேர்ந்த காலத்தில், படம் எழுதி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. மேலாடையில் சிவப்பே இல்லை. சாம்பல் பூத்த வெண்மையே இருந்தது. உதட்டிலும் கன்னத்திலும் இருந்த செம்மையும் போய்விட்டமையால் முகம் நோயுற்றார் முகம்போல் பசந்து கிடந்தது. சிறுவர்கள் அப்படத்தை 'வெளிறிய தாத்தா' என்று அழைத்தனர். ஒருநாள் அவ்வள்ளலின் பேரர் தம் மகனை அழைத்துவந்து, “இவர்தாம் நம் பாட்டனார்” என்று காட்டினார். சிறுவன் சிறிது நேரம் நோக்கிவிட்டு, “இவர் உடல்நலம் இல்லாதவரா, அப்பா?” என்று வினவினான். அவர் மறுமொழி கூறாது நின்றார்.

எங்கள் பள்ளியின் ஓவிய ஆசிரியர் எனக்கு மூத்தவர், அமைதியானவர். அன்று மாலை அவர் என்னிடம், “புலவரே, எழுதியவன் கை பழுதுடையது அன்று. கண்ணையும் மூக்கையும் பாருங்கள், எவ்வளவு நேர்த்தி! வாங்கிய சிவப்புத்தான் ஊரை ஏமாற்றிவிட்டது. அன்று சில ரூபாய்களை மிச்சப்படுத்தினார்கள், இன்று ஒரு முகத்தை இழந்துவிட்டார்கள்” என்றார். அச்சொற்கள் என் நெஞ்சில் தைத்தன. வண்ணத்தின் தரம் என்பது என்ன என்று அவரிடம் கேட்டுக் கற்கத் தொடங்கினேன். அவர்பால் கற்றதையும், பின்னர்ப் படித்தறிந்ததையும் இங்கே தொகுத்துக் கூறுகிறேன்.

எண்ணெய் வண்ணத்தில் இன்றியமையாத பொருள்கள் இரண்டே. ஒன்று நிறமி; மற்றொன்று எண்ணெய். நிறமி என்பது மிக நுண்ணிதாய் அரைத்த நிறப்பொடி. நீரிலோ எண்ணெயிலோ கரைந்து போகும் சாயம் வேறு. கரையாமல் துகளாகவே நிற்கும் நிறமி வேறு. 'சாயம் வெளுத்துவிட்டது' என்று உலக வழக்கில் கூறுகிறோம். ஓவியத்திலும் பெரும்பாலும் வெளுப்பவை சாயத்தை ஒரு வெண்பொடியிற் படியச் செய்து ஆக்கிய வண்ணங்களே.

எண்ணெய் என்னும் சொல் எள்ளின் நெய்யைக் குறித்து எழுந்தது. ஆனால், நம் வீட்டு நல்லெண்ணெய் ஓவியத்திற்குப் பயன்படாது. அது நன்கு உலர்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள உயிர்வளியை ஏற்று மெல்ல மெல்ல இறுகி, உறுதியான படலமாக மாறும். நீர் வற்றுவதுபோல் அது வற்றுவதன்று. தானே வேறு பொருளாக மாறி நிறமித் துகள்களைத் தன்னுள் இறுகப் பற்றிக்கொள்கிறது. ஆளிவிதை எண்ணெய் நாளடைவில் சற்று மஞ்சளிப்பது உண்டு. ஆதலின் வெள்ளை வண்ணத்தைக் குசும்பா எண்ணெயிலோ கசகசா எண்ணெயிலோ குழைப்பாரும் உளர். முற்காலத்தில் ஐரோப்பிய ஓவியர் குழைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்தனர். 1841ஆம் ஆண்டில் ஜான் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர் தகரத்தாலான மென்குழாயை அமைத்துக் காப்புரிமை பெற்றார். இன்று கடையில் நாம் 'ட்யூப்' என்று கேட்டு வாங்குவது அதன் வழி வந்ததே.

குழாய் வந்ததும் ஓவியர்க்கு எளிமை வந்தது. அதனோடு ஐயமும் வந்தது. தானே அரைத்தவனுக்கு உள்ளிருப்பது இன்னது என்று தெரியும். கடையில் வாங்குபவனுக்கு மேலொட்டிய சீட்டே சான்று. உயர்தர வண்ணத்தில் நிறமி மிகுதியாக இருக்கும். மாணவர்க்கென்று மலிவாக விற்கும் வண்ணத்தில் நிறமி குறைந்து, சுண்ணப்பொடி முதலிய நிரப்புப் பொருள்கள் மிகுந்திருக்கும். பாலில் நீர் சேர்ந்தாலும் நிறம் வெண்மையே. சுவையில்தான் வேறுபாடு தெரியும். வண்ணமும் அத்தகையதே. குழாயிலிருந்து பிதுக்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே ஒளிரும்.

அவ்வேறுபாட்டை அறிய எங்கள் ஓவிய ஆசிரியர் மூன்று தேர்வுகளைக் கையாண்டார்.

முதலாவது, பெயர்த் தேர்வு. 'கோபால்ட் நீலம்' என்பது காரணப் பெயர். கோபால்ட் என்னும் உலோகத்தின் சேர்க்கையால் ஆனமையின் அப்பெயர் பெற்றது. பிரெஞ்சு வேதியியலறிஞர் தெனார் 1802ஆம் ஆண்டில் அதனை உருவாக்கினார். அதன் விலை மிகுதி. மலிவான குழாய்களில் 'கோபால்ட் நீலச் சாயல்' என்று எழுதியிருக்கும். அதனுள் கோபால்ட் இராது. வேறொரு நீலத்தையும் வெள்ளையையும் கலந்து, பார்வைக்கு அதனைப் போலச் செய்திருப்பர். காரணத்தை இழந்த காரணப் பெயர் அது! 'சாயல்' என்ற ஒரு சொல்லைப் படியாது விடுவோர் ஏமாறுவர். சாயல் என்று வெளிப்படையாக எழுதுபவன் பொய்யன் அல்லன். படியாமல் வாங்குபவனே பிழை செய்பவன். பெயரின் கீழே நிறமியின் குறியெழுத்தும் எண்ணும் இருக்கும். 'பி.பி. 28' என்பது கோபால்ட் நீலம், 'பி.பி. 29' என்பது அல்ட்ராமரீன் நீலம். பகுபதத்தைப் பகுதி, விகுதி என்று பிரித்துப் பொருள் காண்பதுபோல், இச்சீட்டையும் பிரித்துப் படித்தல் வேண்டும். நிறமியின் எண்ணையே எழுதாத குழாயை அவர் கையாலும் தொடமாட்டார்.

இரண்டாவது, ஆற்றல் தேர்வு. இரு கடைகளில் வாங்கிய ஒரே நீலத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு வெள்ளையைச் சேர்த்துக் கலவைக் கத்தியால் குழைக்கவேண்டும். நிறமி மிகுந்தது பளிச்சென்ற வான்நீலமாக நிற்கும். நிறமி குறைந்தது வெளுத்துச் சோர்ந்துவிடும். இத்தேர்வு விலையின் பொருளையே மாற்றிவிடும். எடுத்துக்காட்டாக, 100 ரூபாய்க் குழாய்கள் மூன்று செய்யும் வேலையை 200 ரூபாய்க் குழாய் ஒன்று செய்யுமாயின், மலிவானது எது? 300 ரூபாய் கொடுப்பவன் சிக்கனம் செய்ததாக எண்ணிக்கொள்வான். 200 ரூபாய் கொடுத்தவனே சிக்கனம் செய்தவன்.

மூன்றாவது, கதிரவன் தேர்வு. ஒவ்வொரு வண்ணத்தையும் கெட்டி அட்டையில் பட்டையாகத் தீட்டுவார். அதனருகே அதே வண்ணத்தை வெள்ளையிற் கலந்து மற்றொரு பட்டை தீட்டுவார். நன்றாக உலர்ந்தபின் பாதியைக் கரிய தாளால் மூடி, வெயில் விழும் சாளரத்தில் தொங்கவிடுவார். எங்கள் ஆசிரியர் அறையின் சாளரத்தில் அவ்வாறு ஓர் அட்டை ஓராண்டு தொங்கியது. அடுத்த ஆண்டு பள்ளி திறந்த நாளில் எங்கள் எல்லார் முன்னிலையிலும் அவர் கரிய தாளை நீக்கினார். மஞ்சட்காவி, செங்காவி, அல்ட்ராமரீன் நீலம் ஆகியவற்றில் மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் வேறுபாடு காணவே இல்லை. இரு சிவப்புகளில் ஒன்று சற்றே மங்கியிருந்தது. மற்றொன்றின் வெள்ளை கலந்த பட்டையோ, வெயில் பட்ட பாதியில் வெறும் அட்டைபோல் இருந்தது. “இதோ, நம் வள்ளலின் மேலாடை” என்று அவர் அதனைச் சுட்டிக் காட்டினார். ஒருவரும் பேசவில்லை.

அத்தேர்வால் யான் ஓர் அரிய உண்மையை அறிந்தேன். அடர்ந்த வண்ணம் ஒளியை நெடுங்காலம் தாங்கும். வெள்ளையிற் கலந்த மெல்லிய வண்ணமே முதலில் வெளுக்கும். ஆதலின் அழுத்தமான சிவப்பு வேண்டிய இடத்தைக் காட்டிலும், இளஞ்சிவப்பு வேண்டிய இடத்தில்தான் மிக உறுதியான நிறமி வேண்டும். மென்மைக்கே வலிமை மிகுதியும் தேவைப்படுகிறது! இக்காலத்தில் நல்ல குழாய்களில் ஒளி தாங்கும் ஆற்றலை வகுப்பாகக் குறித்திருப்பர். அமெரிக்கத் தர அளவில் முதலாம், இரண்டாம் வகுப்புகளே நிலைத்த ஓவியத்திற்கு உரியன. குறியீடுகள் சிலவற்றில் விண்மீன் வடிவிலும் இருக்கும்.

இனி விலையைப் பற்றிச் சிறிது ஆராய்வோம். விலை மிகுந்தது எல்லாம் சிறந்தது என்று கொள்ளல் கூடாது. அல்ட்ராமரீன் நீலத்தின் வரலாறே இதற்குச் சான்று. முன்னாளில் அது ஆப்கானிய நாட்டுப் பதக்சான் மலையில் எடுத்த நீலக்கல்லை அரைத்துச் செய்யப்பட்டது. பொன்னோடு ஒப்பிட்டுப் பேசும் அளவிற்கு விலையுடையதாக இருந்தது. 1824ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில், அதனைச் செயற்கையாகச் செய்வோர்க்கு 6,000 பிராங்கு பரிசு என்று அறிவித்தனர். 1828இல் கிமே என்பவர் அப்பரிசைப் பெற்றார். அன்றுதொட்டு அந்நீலம் எளிய மக்களுக்கும் கிட்டியது. நம் பாட்டிமார் வெள்ளை வேட்டிக்குப் போட்ட நீலப்பொடியும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. விலை வீழ்ந்தது, தரம் வீழவில்லை. மண்ணிலிருந்து கிடைக்கும் மஞ்சட்காவியும் செங்காவியும் வண்ணக் கடையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைப்பன. ஆனால், கதிரவனே தோற்கும் உறுதி உடையன. மாறாக, கொச்சினீல் என்னும் பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் சிவப்பு விலை உயர்ந்ததாயினும் ஒளியில் மங்குவது.

அவ்வாறாயின் விலை எதைத்தான் காட்டுகிறது? இரு வேறு நிறமிகளின் விலையை ஒப்பிட்டால் அது அவற்றின் அருமையைக் காட்டும், தரத்தைக் காட்டாது. குழாயின்மேல் காணும் தொகுதி எண்ணும் நிறமியின் விலைக்கேற்ப இடுவதே. அதனைத் தரத்தின் எண் என்று மயங்கலாகாது. ஒரே நிறமியை இருவர் செய்து விற்கும்போது உள்ள விலை வேறுபாடோ, பெரும்பாலும் நிறமியின் அளவையும் அரைத்த நேர்த்தியையும் காட்டும். முன்னதில் விலை கண்டு மயங்காதே. பின்னதில் விலை கண்டு அஞ்சாதே. இதுவே எங்கள் ஓவிய ஆசிரியர் வகுத்த விதி.

பெரும்புலமை வாய்ந்த ஓவியரும் இதில் இடறியது உண்டு. ஆங்கில நாட்டு ஓவியர் டர்னர் விரைவில் மங்கும் வண்ணங்களை விரும்பி வாங்குவார். 1832இல் இலண்டனில் வண்ணத் தொழில் தொடங்கிய வின்சர் என்பார் அதனைக் கடிந்துரைத்தார் என்றும், வண்ணம் செய்வது உமது வேலை, அதனை ஆள்வது எனது வேலை என்னும் கருத்துப்பட டர்னர் விடையிறுத்தார் என்றும் ஒரு செய்தி வழங்கி வருகிறது. டர்னரின் ஓவியங்கள் சிலவற்றில் செந்நிறம் மங்கியதை இன்று அறிஞர் கண்டுள்ளனர். வறுமையில் வாடிய வான்கோ தம் படுக்கையறையை 1888இல் ஓவியமாக எழுதினார். அவர் ஊதாவாகத் தீட்டிய சுவர்கள் இன்று நீலமாகத் தோன்றுகின்றன. ஊதாவினுள் இருந்த சிவப்பு மறைந்து, நீலம் மட்டும் எஞ்சியது. 1890இல் அவர் எழுதிய இளஞ்சிவப்பு ரோசாப் பூக்கள் வெள்ளைப் பூக்களாய்விட்டன. உலகம் அவற்றைப் போற்றுகிறது; ஆயினும், அவர் கண்ட நிறத்தை இனி எவரும் காணமுடியாது.

நம் நாட்டைப் பார்ப்போம். வேடந்தாங்கலுக்கு அணித்தாய் உள்ள காஞ்சியில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் கைலாசநாதர் கோயிலை எடுத்தான். அங்குச் சிற்றாலயங்களின் சுவரில் பல்லவர் கால ஓவியத்தின் எச்சங்கள் இன்றும் உள்ளன. அவை எண்ணெய் ஓவியங்கள் அல்ல. சுண்ணச் சாந்தின்மேல் எழுதியவை. சாந்து உதிர்ந்த இடங்களில் ஓவியமும் உதிர்ந்தது. சாந்து நின்ற இடங்களிலோ, ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்குப் பின்னும் காவியின் செம்மை விளங்குகிறது. எண்ணெய் ஓவியக்கலை நம் பக்கத்தில் வேரூன்றியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1850இல் அலெக்சாந்தர் ஹண்டர் சென்னையில் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். கிளிமானூரில் 1848இல் பிறந்த இரவிவர்மா 1873இல் சென்னை ஓவியக் கண்காட்சியில் பொற்பதக்கம் பெற்றார். கடல் கடந்து வந்த குழாய் வண்ணத்திலும் மஞ்சட்காவி என்று இருந்தது நம் மண்ணில் கிடைக்கும் காவியின் இனமே. பல்லவ ஓவியன் நம்பிய பொருளை இன்றைய மாணவனும் சிறிய விலைக்கு வாங்கலாம் என்பது எத்துணை மகிழ்ச்சி தரும் செய்தி!

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் வாழும் உழவர் ஒருவரின் மகள் என்னிடம் வந்தாள். ஓவியம் பயில்பவள்; விடுமுறையில் நாற்று நட்டும் களை பறித்தும் ரூ. 1,500 சேர்த்திருந்தாள். “ஐயா, வண்ண நாரையை எண்ணெய் வண்ணத்தில் எழுதி ஓவியக் கல்லூரி நேர்காணலுக்கு எடுத்துச் செல்ல விரும்புகிறேன். 24 நிறங்கள் கொண்ட பெட்டி ஒன்றைக் கடையில் பார்த்தேன். அதை வாங்கலாமா?” என்று கேட்டாள். அப்பெட்டியின் படத்தை அவள் காட்டினாள். வானவில்லையே மடித்து வைத்ததுபோல் இருந்தது. யான் சீட்டைப் படித்தேன்; பல பெயர்களின் பின்னே 'சாயல்' என்று இருந்தது; நிறமி எண் ஒன்றிலும் இல்லை.

“அம்மா, பயில்வதற்கு இது தாழ்வன்று. தாளில் கைபழக இதுவே போதும். ஆனால், நீ நிலைக்கவேண்டும் என்று எழுதும் ஓவியத்திற்கு 24 நிறங்கள் வேண்டா, வாய்மையுடைய ஆறு நிறங்கள் போதும்” என்றேன். இருவரும் அமர்ந்து கணக்கிட்டோம். டைட்டானியம் வெள்ளை, மஞ்சட்காவி, ஒரு தெளிந்த மஞ்சள், முதல் வகுப்புச் சிவப்பு, அல்ட்ராமரீன் நீலம், சுட்ட அம்பர் என்னும் மண்பழுப்பு ஆகிய ஆறும் அவள் பணத்துள் அடங்கின. “கருப்பு வேண்டாவா, ஐயா? நாரையின் மார்பில் கரிய பட்டை இருக்கிறதே” என்றாள். நீலத்தையும் மண்பழுப்பையும் கலந்தால் ஆழ்ந்த கருமை தோன்றும் என்று ஓவிய ஆசிரியர் செய்து காட்டியதை அவளுக்குச் சொன்னேன். நீலத்தோடு மஞ்சள் சேர்ந்தால் ஏரிக்கரையின் பசுமை வரும். அவள் அதிகம் தயங்கியது சிவப்பில்தான். அக்குழாயின் விலை மற்றவற்றைவிட மிகுதி. “நாரையின் இறகில் இளஞ்சிவப்பு ஒரு விரற்கடை அளவுதானே, ஐயா?” என்றாள். “அவ்விரற்கடை அளவிற்காகத்தான் அம்மா, அதனை வண்ண நாரை என்கிறோம்” என்றேன். சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, அதையே வாங்கினாள்.

அவள் ஓவியம் முடிந்தது. நேர்காணலில் அதனைக் கண்டவர்கள் ஆறே குழாய்களால் எழுதியது என்று அறிந்து வியந்தனராம். அவளுக்குக் கல்லூரியில் இடமும் கிடைத்தது. எனினும், என் மகிழ்ச்சி அதனால் மட்டும் அன்று. அவள் அவ்வண்ணங்களை அட்டையொன்றில் பட்டைகளாகத் தீட்டி, பாதியை மூடித் தன் வீட்டுச் சாளரத்தில் தொங்கவிட்டிருக்கிறாள். யான் கூறியதையும் அவள் சோதித்துப் பார்க்கிறாள்! ஆசிரியன் சொல்லையும் ஆராய்ந்து கொள்ளும் மாணவரே உண்மையான மாணவர்.

மாணவர்களே, பொருள் எதனையும் வாங்கும்போது விலை, பெயர், பொலிவு ஆகிய மூன்றும் முன்வந்து நிற்கும். அவற்றின் பின்னே, உள்ளிருப்பது என்ன, எவ்வளவு, எத்துணைக் காலம் நிற்கும் என்னும் மூன்று வினாக்கள் மறைந்து நிற்கும். முன்னவற்றைக் கண் காணும். பின்னவற்றை அறிவே காணும். பலவாகிய போலிகளைவிடச் சிலவாகிய உண்மைகள் மேல். ஓவியன் தான் தீட்டிய நிறத்தைத் தன் வாழ்நாளுக்குப் பின்னும் காக்கக் கடமைப்பட்டவன். ஏனெனில், ஓர் ஊர் தன் நன்றியையும், ஒரு குடும்பம் தன் முன்னோர் முகத்தையும் அவன் கையில் நம்பி ஒப்படைக்கின்றன. கல்வியும் அத்தகையதே. தேர்வு நாள்வரை ஒளிர்ந்து மறுநாள் மங்கும் கல்வி சாயம். வாழ்க்கை வெயிலில் காயக் காய நிலைபெறும் கல்வியே நிறமி. நீங்கள் எதனைக் குழைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்பதை இளமையிலேயே தேர்ந்து தெளியுங்கள்.